எக்சிகியூட்டர் அண்ணன் நீட்டும் தாளில் கையெழுத்து போடலாமா?

கேள்வி: மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பிறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, அப்பா தவறி இரண்டரை வருடம் ஆகிறது. பிறையில் நாங்கள் வளர்ந்த ஒற்றை மாடி வீடு, புக்கிட் மெர்தாஜாமில் மாதம் 1,800 ரிங்கிட் வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு கடை, பேங்கில் கொஞ்சம் ஃபிக்சட் டெபாசிட், இவ்வளவுதான் சொத்து. அண்ணன், அக்கா, நான் என்று மூவர் பெயரையும் எழுதி, தலா மூன்றில் ஒரு பங்கு என்று உயில் வைத்திருந்தார். அம்மாவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. உயிலை நிறைவேற்ற வேண்டிய எக்சிகியூட்டர் அண்ணன். உயிலை நீதிமன்றம் ஏற்றுத் தரும் புரோபேட் கிடைத்து ஒன்றரை வருடம் ஆகியும் எதையும் பிரிக்கவில்லை. கேட்டால், 'எக்சிகியூட்டர் நான், என் முடிவுதான்' என்கிறார். கடை வாடகை அவர் சொந்தக் கணக்குக்குப் போகிறது. அப்பா தன் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்துக்கு அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தார். அந்த 46,000 ரிங்கிட்டையும் 'எல்லாம் பொதுச் சொத்துதான்' என்று அம்மாவிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது ஒரு தாளை நீட்டுகிறார். கடையை 280,000 ரிங்கிட்டுக்கு அவர் பெயருக்கு மாற்ற எனக்குச் சம்மதம், என் பங்கைப் பிறகு பெற்றுக்கொள்கிறேன் என்று அதில் இருக்கிறது. அது அப்பா 2011-ல் வாங்கிய விலை. அக்காவிடம் கையெழுத்து கேட்கவில்லை. அண்ணி, 'உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே' என்கிறார். உயில் உண்மையானதுதான், அதில் சந்தேகமே இல்லை. அக்காவின் கணவர் அத்தானும், அப்பாவின் நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும்தான் சாட்சிக் கையெழுத்து போட்டார்கள். நான் அந்தத் தாளில் கையெழுத்து போடலாமா? கோர்ட்டுக்குப் போகாமல் கணக்கு கேட்க வழி இருக்கிறதா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தத் தாளில் இப்போது கையெழுத்து போடாதீர்கள். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவும் வேண்டாம். "படித்துப் பார்த்துச் சொல்கிறேன் அண்ணா" என்று சொல்லி ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தரமாட்டேன் என்றால் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நகல் தர மறுக்கும் எந்தத் தாளிலும் யாரும் கையெழுத்து போடக்கூடாது, அது சொந்த அண்ணன் நீட்டிய தாளாக இருந்தாலும் சரி.

'எக்சிகியூட்டர் நான், என் முடிவுதான்' என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பேங்கோடு பேச, வாடகை வசூலிக்க, கடனை அடைக்க, நில அலுவலகத்தில் கையெழுத்து போட எல்லாம் அவருக்குத்தான் அதிகாரம், உங்களுக்கு இல்லை. ஆனால் சாவிக்கொத்து கையில் இருப்பதால் யாரும் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. அப்பாவின் சொத்தைத் திரட்டி, ஈமச் செலவு, கடன், வரி எல்லாம் கழித்து, மிச்சத்தை உயிலில் உள்ளபடி ஒப்படைத்துவிட்டு விலகுவதுதான் அவர் வேலை. அந்த வேலைக்காக அவருக்குத் தனிப் பங்கு எதுவும் கிடையாது. 1959-ஆம் ஆண்டு புரோபேட் மற்றும் நிர்வாகச் சட்டத்தின் 43-வது பிரிவு, திரட்டிய சொத்தின் மதிப்பில் 5 சதவீதத்துக்கு மேற்படாத கமிஷனை நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது. அனுமதிப்பது நீதிமன்றம். அண்ணன் தானே எடுத்துக்கொள்ள முடியாது.

கெரானில், அதாவது நிலப் பத்திரத்தில், அவர் பெயர் ஏறியிருந்தால் அதைப் பார்த்து மிரள வேண்டாம். புரோபேட் வந்ததும் தேசிய நிலச் சட்டத்தின் 346-வது பிரிவின் கீழ் எக்சிகியூட்டர் பெயரைப் பதிவு செய்வது வழக்கமான நடைமுறை. பெயருக்குப் பக்கத்தில் 'செபாகாய் வாக்கில்' என்று இருக்கும். பிரதிநிதி என்ற முறையில் மட்டுமே வைத்திருக்கிறார் என்று பொருள். அதன்பின் பாரம் 14ஏ மூலம்தான் வாரிசுகள் பெயருக்கு மாறும். நில அலுவலகத்தில் ஒரு தேடல் எடுத்துப் பாருங்கள், கட்டணம் கொஞ்சம்தான். வீடும் கடையும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கையில் ஒரு தாள் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

காலதாமதம் பற்றி. புரோபேட் மற்றும் நிர்வாகச் சட்டத்தின் 77-வது பிரிவின்படி, இறந்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை சொத்தைப் பிரித்துக் கொடுக்கும்படி எக்சிகியூட்டரைக் கட்டாயப்படுத்த முடியாது. கடன்காரர்கள் வரலாம், வரிக் கணக்கு முடியாமல் இருக்கலாம், அதற்கான அவகாசம் அது. ஒரு வருடம் கழிந்ததும் தானாகவே தவறாகிவிடாது. ஆனால் ஏன் தாமதம் என்று காரணம் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பாகிறது. உங்கள் அப்பா விட்டுப்போனது ஒரு வீடு, ஒரு கடை, ஒரு டெபாசிட். இதற்கு இரண்டரை வருடம் என்பது அதிகம். 'வாரிசு வரி கட்ட வேண்டும்' என்று யாராவது சொன்னால், அந்த வரி இந்த நாட்டில் 1991 நவம்பரிலேயே ஒழிக்கப்பட்டது என்று சொல்லுங்கள். அப்பாவின் வருமான வரி, அவர் போன பிறகு வரும் வாடகைக்கான வரி, இவை உண்டு. அவற்றைத் தாக்கல் செய்ய வேண்டியதும் அண்ணன்தான்.

இப்போது வாடகைக்கு வருவோம். மாதம் 1,800 என்றால் முப்பது மாதத்துக்கு 54,000 ரிங்கிட். அண்ணன் அதை ஏப்பம் விட்டுவிட்டார் என்று நான் சொல்லவில்லை. சுக்காய் தானா (நில வரி), சுக்காய் பிந்து (கட்டட மதிப்பீட்டு வரி), கடைக்குப் பழுது பார்த்தது, அம்மாவின் மருந்து என்று நிஜமாகவே செலவாகியிருக்கலாம். ஆனால் அந்தப் பணத்தைச் சொந்தக் கணக்கில் கலந்தது தவறு. எக்சிகியூட்டர் முதலில் செய்ய வேண்டியதே அப்பாவின் சொத்துக்கென்று தனியாக ஒரு கணக்கு திறப்பதுதான். கலந்துவிட்டால் நேர்மையானவராலும் நிரூபிக்க முடியாமல் போய்விடும். என்னிடம் வரும் குடும்பத் தகராறுகளில் பாதி, திருட்டால் வருவதில்லை, ரசீது இல்லாததால் வருகிறது. ஈமச் சடங்குச் செலவு நியாயமான அளவில் சொத்திலிருந்து முதலில் கழியும். கருமாதி விருந்துக்கும் வருஷாந்திரத்துக்கும் பத்து மேசை போட்டது அதில் சேருமா என்பது வேறு. அதை நீங்கள் மூவரும் பேசி ஒத்துக்கொள்வதுதான் நல்லது. அண்ணன் அம்மாவோடு அந்த வீட்டில் இருப்பதற்கு வாடகை கேட்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வாதாட இடமிருக்கிறது. ஆனால் 24 மணி நேரமும் அம்மாவைப் பார்த்துக்கொள்பவரிடம் அதைக் கேட்க வேண்டாம் என்பது என் யோசனை. பெரிய விஷயம் கையில் இருக்கும்போது சின்னதைப் பிடித்து இழுக்காதீர்கள்.

இபிஎஃப் பணம் பெரிய விஷயம். முஸ்லிம் அல்லாத உறுப்பினர் நாமினி போட்டிருந்தால் அந்தப் பணம் நாமினிக்கே சொந்தம். அது உயிலுக்குள் வராது, எக்சிகியூட்டரின் கைக்கும் வர வேண்டியதில்லை. அந்த 46,000 அம்மாவின் பணம். நீங்கள் மூவரும் சேர்ந்து பங்கு போட்டாலும் தவறு. திருப்பிக் கேட்க வேண்டியவர் அம்மா. அவர் கேட்கத் தயங்குவார் என்று எனக்குத் தெரியும், மகனோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர் அல்லவா? அதனால் கணக்கு கேட்கும்போது இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். மனைவியையோ பிள்ளையையோ நாமினியாகப் போட்ட ஆயுள் காப்புறுதியும் இதே போலத்தான், அது சொத்தில் சேராது. அப்பாவுக்கு அப்படி ஏதாவது பாலிசி இருந்ததா என்று பாருங்கள்.

தாளுக்குத் திரும்பலாம். கடையை விற்பவர் எக்சிகியூட்டர், அதாவது அண்ணன். வாங்குபவரும் அண்ணன். விலை சொல்பவரும் அண்ணனே. நம்பிக்கைப் பொறுப்பில் இருப்பவர் தன் பொறுப்பிலுள்ள சொத்தைத் தானே வாங்கிக்கொள்வதைச் சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. விலை நியாயமாக இருந்தாலும் கூட, பாதிக்கப்பட்ட வாரிசு கேட்டால் நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம். இதற்கு இரண்டு வாசல்தான் உண்டு. ஒன்று நீதிமன்ற அனுமதி, மற்றது எல்லா விவரமும் தெரிந்து வாரிசுகள் அனைவரும் தரும் சம்மதம். அவர் நீட்டும் தாள் அந்த இரண்டாவது வாசலின் சாவி. நீங்கள் கையெழுத்து போட்டுவிட்டால், பிறகு 'விலை குறைவு' என்று சொல்லும் உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டதாக ஆகும். 2011-ல் அப்பா வாங்கிய விலை இன்றைய விலை இல்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கை வேண்டும், அவரை இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். 'பிறகு பெற்றுக்கொள்கிறேன்' என்ற வரியும் வேண்டாம். எத்தனை ரிங்கிட், எந்தத் தேதி, பணம் வராவிட்டால் என்ன, இதெல்லாம் இல்லாத 'பிறகு' எந்த வக்கீலுக்கும் உதவாது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட வரி, அண்ணனைப் பற்றியது இல்லை. 'அத்தான் சாட்சிக் கையெழுத்து போட்டார்' என்பதுதான்.

1959-ஆம் ஆண்டு உயில் சட்டத்தின் 9-வது பிரிவு, உயிலுக்குச் சாட்சி போட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ அந்த உயிலில் தரப்பட்ட கொடை செல்லாது என்கிறது. உயில் செல்லும், புரோபேட்டும் செல்லும், கொடை மட்டும் விழுந்துவிடும். உயிலில் கையெழுத்தான நாளில் அக்காவும் அத்தானும் கணவன் மனைவியாக இருந்திருந்தால், அக்காவுக்கு எழுதிய மூன்றில் ஒரு பங்கு அவருக்குப் போகாது. அப்பாவின் மனது எதுவாக இருந்தாலும் சட்டம் அதைப் பார்க்காது. கண்டிப்பான சட்டம்தான், ஆனால் பல வருடமாக அப்படியே இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கடையில் வாங்கிய உயில் படிவத்தை வைத்து எழுதும்போது, கையில் கிடைக்கும் மருமகனைச் சாட்சியாக உட்கார வைப்பது நம் குடும்பங்களில் சர்வ சாதாரணம்.

அந்தப் பங்கு அப்படியே உங்களுக்கும் அண்ணனுக்கும் வந்துவிடுமா என்றால், பொதுவாக இல்லை. மூவர் பெயரையும் தனித்தனியாக எழுதி, ஒருவர் பங்கு விழுந்தால் யாருக்கு என்று வேறு ஏற்பாடும் இல்லை என்றால், அந்த மூன்றில் ஒரு பங்கு உயில் இல்லாத சொத்தைப் போல 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டத்தின்படி பிரியும். பெற்றோர் உயிரோடு இல்லாமல் மனைவியும் பிள்ளைகளும் இருப்பவருக்கு மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. ஆண் பெண் என்ற வேறுபாடு கிடையாது, மகளுக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்றும் கேட்பதில்லை. அண்ணிக்கு இதுதான் பதில். நகை போட்டது அப்பாவின் அன்பு, அதைக் கழிக்க உயிலும் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். மொத்தச் சொத்தை 27 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். உயில்படி உங்களுக்கு 9, அண்ணனுக்கு 9. விழுந்த 9-ல் அம்மாவுக்கு 3, பிள்ளைகள் மூவருக்கும் தலா 2. ஆகக் கடைசியில் உங்களுக்கு 11, அண்ணனுக்கு 11, அம்மாவுக்கு 3, அக்காவுக்கு 2. உயிலில் பெயரே இல்லாத அம்மாவுக்கு அக்காவைவிடக் கூடுதலாக வருகிறது. உயிலின் வாசகம் வேறு மாதிரி இருந்தால், உதாரணமாக 'என் பிள்ளைகளுக்குச் சமமாக' என்று கூட்டாகச் சொல்லியிருந்தால், இந்தக் கணக்கு மாறும். அதனால்தான் உயிலை நேரில் பார்க்காமல் இதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அக்காவிடம் அண்ணன் கையெழுத்து கேட்காததற்கு இது காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவருடைய வக்கீல் கவனித்துச் சொல்லியிருந்தாலும், அக்காவுக்கு ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொண்டிருந்தால் அது தவறு. அம்மாவும் இப்போது ஒரு வாரிசு. கடை விற்பனைக்கு அந்த இருவர் சம்மதமும் வேண்டும்.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான சட்டம். பினாங்கில் தமிழ் முஸ்லிம் வாசகர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள். உங்களுக்கு ஃபராயிட் எனும் இஸ்லாமிய வாரிசுப் பங்குக் கணக்கும் ஷரியா விதிகளும் வேறு, மேலே சொன்ன பங்கை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். அதே போல, உயிலில் ஒன்றும் விடப்படாத மனைவி 1971-ஆம் ஆண்டு குடும்பப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நியாயமான பராமரிப்பு கேட்டு நீதிமன்றம் போகலாம். ஆனால் புரோபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. மற்றவர்கள் கடக்க விடாதீர்கள்.

கோர்ட்டுக்குப் போகாமல் கணக்கு கேட்பது எப்படி? எழுத்தில் கேளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அல்ல, அங்கே அண்ணியும் சித்தப்பா பிள்ளைகளும் பதில் சொல்வார்கள். ஒரு கடிதம், பதிவுத் தபாலில். வக்கீல் கடிதம் முதலிலேயே வேண்டாம். இப்படி எழுதலாம்:

"அண்ணா, அப்பா சொத்து விஷயத்தில் நீங்கள் இவ்வளவு நாள் பட்ட சிரமம் எனக்குத் தெரியும். புரோபேட் நகல், அதோடு கோர்ட்டில் கொடுத்த சொத்துப் பட்டியல், அப்பா போன நாளிலிருந்து இன்றுவரை வாடகை வரவு செலவு, ஃபிக்சட் டெபாசிட் நிலவரம், அம்மாவின் இபிஎஃப் பணம் இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறது, இவற்றை 30 நாளில் எனக்கும் அக்காவுக்கும் அம்மாவுக்கும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். கடை விஷயத்தை அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்."

இதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை, ஆனால் பிறகு நீதிபதி பார்த்தால் நீங்கள் கேட்டதும் அவர் தராததும் தெளிவாகத் தெரியும். புரோபேட் நகலை அவர் தராவிட்டாலும் பரவாயில்லை. லெபோ லைட்டில் உள்ள பினாங்கு உயர் நீதிமன்றத்தில் தாக்கலாகியிருந்தால் அங்கேயே கோப்புத் தேடல் எடுத்து உயிலையும் சொத்துப் பட்டியலையும் நகல் வாங்கலாம். அந்தப் பட்டியலில் அண்ணன் சத்தியம் செய்து கொடுத்த சொத்து என்னென்ன என்பது உங்கள் பேச்சுவார்த்தைக்கு அடித்தளம்.

30 நாள் போயும் பதில் இல்லை என்றால் அப்போது வக்கீல். நீதிமன்ற விதிகளின் 80-வது கட்டளையின் கீழ், எக்சிகியூட்டர் கணக்குக் காட்டும்படி கேட்டு வாரிசு மனு போடலாம். அதிலேயே சொத்தைப் பிரிக்க உத்தரவும் கேட்கலாம். போதிய காரணம் இருந்தால் புரோபேட்டை ரத்து செய்து வேறொருவரை நியமிக்கவும் புரோபேட் மற்றும் நிர்வாகச் சட்டத்தின் 34-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் நீதிபதிகள் அதை எளிதில் செய்வதில்லை, கணக்கு காட்டாத தாமதத்தைவிடக் கனமான காரணம் எதிர்பார்ப்பார்கள். கடையை அண்ணன் அவசரமாக மாற்றிவிடுவார் என்ற பயம் உண்மையானதாக இருந்தால், கெரானில் தனிநபர் கேவியட் (பெயர் மாற்றத்தைத் தடுக்கும் பதிவு) போடுவது பற்றி வக்கீலைக் கேளுங்கள். பிரிக்கப்படாத சொத்தில் ஒரு வாரிசு கேவியட் போட முடியுமா என்று எதிர்த்தரப்பு தகராறு செய்யும். காரணமில்லாமல் போட்டால் நஷ்டஈடும் கேட்பார்கள். அதனால் கோபத்தில் போட வேண்டாம். செலவுக்குப் பயந்தால், வருமானத் தகுதி பார்த்து உதவும் அரசு சட்ட உதவித் துறையான ஜபாத்தான் பந்துவான் குவாமானில் விசாரியுங்கள். காலக்கெடு உங்களை இன்று நெருக்கவில்லை, இறந்தவர் சொத்தில் பங்கு கேட்கக் காலவரம்புச் சட்டம் 12 வருடம் தருகிறது. ஆனால் 12 வருடம் கழித்து எந்த ரசீதும் இருக்காது.

உயில் கையில் இருந்தும் எக்சிகியூட்டர் புரோபேட்டுக்கே போகாத குடும்பங்களும் உண்டு. ஏற்கிறாரா, விலகுகிறாரா என்று நீதிமன்றம் மூலம் அவரைக் கேட்கவைக்க வழி இருக்கிறது. அதை வேறொரு வாரம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அக்காவோடு தனியாக உட்காருங்கள். சாட்சி விஷயத்தை அவர் யாரோ வக்கீல் வாயிலாகக் கேட்பதைவிட உங்களிடமிருந்து கேட்கட்டும். அத்தான் மனம் உடைந்து போவார், அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அப்பா நினைத்தபடியே மூன்று சம பங்காகப் பிரிக்க வேண்டும் என்று நீங்கள், அண்ணன், அக்கா, அம்மா நால்வரும் ஒத்துக்கொண்டால், ஒரு குடும்ப ஒப்பந்தம் எழுதி அப்படியே பிரித்துக்கொள்ளத் தடையில்லை. எல்லோரும் வயது வந்தவர்கள், அவரவர் பங்கை அவரவர் விட்டுக்கொடுக்கலாம். முத்திரை வரி எப்படி வரும் என்பதை ஒப்பந்தம் எழுதும் வக்கீலிடம் முன்பே கேளுங்கள். அம்மாவுக்கு மட்டும் தனி வக்கீல் ஒருவர் தமிழில் படித்துக் காட்டி விளக்கட்டும். அவர் விட்டுக்கொடுக்க விரும்பாவிட்டால் அது அவர் உரிமை, யாரும் வற்புறுத்த வேண்டாம். அண்ணன் கடையை வாங்க விரும்பினால் அதே ஒப்பந்தத்தில், மதிப்பீட்டாளர் சொன்ன விலையில் வாங்கட்டும். முதலில் மூவரும் பார்க்க வரவு செலவுக் கணக்கு, அடுத்து மதிப்பீட்டு அறிக்கை, கடைசியில் கையெழுத்து. இந்த வரிசையை மட்டும் மாற்ற விடாதீர்கள்.